திக்கும் நாவும் பொறுமையற்ற செவியும்

வகுப்பறையில் வரிசை முறையாக வாசிப்பு நடைபெறுகின்றது. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பந்தி. நான்காம் வாங்கிலிருக்கும் சிறுவன் எவர் வாசிப்பதையும் கேட்கவில்லை. தனக்கு எந்தப் பந்தி வருமென எண்ணி, அதில் நா தடக்கக்கூடிய சொற்களைத் தேடிக்கொண்டிருக்கின்றான். அவன் முறை வருகின்றது. முதற் சொல்லின் முதலெழுத்திலேயே குரல் நின்றுவிடுகின்றது. பின்வாங்கிலிருந்து ஒரு சிரிப்பு. “பதறாதே, ஆறுதலாய் வாசி” என்கிறார் ஆசிரியர்.

சிரிப்பைக் கண்டிக்க எவரும் முன்வருவர். கண்டிக்க ஆளில்லாதது ஆசிரியரின் அந்தக் கருணை மொழியே. திக்குவாய் பதற்றத்தின் பிள்ளை என்ற நம்பிக்கை அதனுள்ளே ஒளிந்திருக்கின்றது. பதற்றம் தடையைக் கூட்டலாம், தோற்றுவிப்பதில்லை. பரம்பரைக்கும், பேச்சை மூளை இயக்கும் முறைக்கும் இதிற் பெரும் பங்குண்டு என்பதே இன்றைய ஆய்வாளர் முடிபு. சிறுபிள்ளைகளுள் நூற்றுக்கு ஐவரளவில் ஏதோவொரு பருவத்தில் திக்குகின்றனர். பெரும்பாலானோருக்கு அது நீங்கிவிட, வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவரளவில் எஞ்சுகின்றது.

இதே சிறுவன் காலைப் பிரார்த்தனையிற் பிறரோடு சேர்ந்து தேவாரம் பாடுகையில் ஓரிடத்திலும் திக்குவதில்லை. குரல்கள் ஒருமிக்கும்போது தடை மறைவது இக்குறையின் பொதுவான இயல்பு. அதனைக் கண்ட பெரியோரோ, “மனம் வைத்தால் இவனாற் பேச முடியும்” என்று தீர்ப்பளித்து, இயல்பொன்றைக் குற்றமாக்கி விடுகின்றனர்.

இத்தீர்ப்புக்குப் பிள்ளை கொடுக்கும் விலை கொஞ்சமன்று. சோழர் இலங்கையில் எங்கிருந்து ஆண்டனர் என்ற வினாவுக்குப் பொலன்னறுவை என்ற விடை அவனுக்குத் தெரியும். பகரம் தடக்குமென்பதும் தெரியும். “தெரியாது, சேர்” என்கிறான். அச்சொற்கள் அவனுக்கு இலகுவாய் வருகின்றன. ஆசிரியர் அவனை மந்தமானவன் எனக் குறித்துக்கொள்கிறார். வேறு சொற்களுக்கு மாற்றுச் சொல் தேடலாம். தன் பெயருக்கு எதைத் தேடுவது? புதிய ஆசிரியர் வந்து பெயர் கேட்கும் நாள் அவனுக்குப் பரீட்சையிலும் கொடிது.

கேட்போரின் தீர்ப்பு எத்துணை வலிமையுடையது என்பதற்கு அமெரிக்காவின் அயோவாவில் 1939ஆம் ஆண்டு நிகழ்ந்தது சான்று. வெண்டல் ஜோன்சன் என்ற பேராசிரியரின் வழிகாட்டலில் மேரி ரியூடர் என்ற மாணவி அநாதை இல்லமொன்றின் 22 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தினார். இயல்பாகப் பேசிய சிலரிடம், அவர்களது பேச்சிற் குறையுண்டு, திக்காமற் பேச இயலாவிடின் பேசாதிருப்பதே நன்று என்றெல்லாம் கூறப்பட்டது. அவர்கள் திக்குவாயராயினர் என்று நிறுவப்படவில்லை. ஆனால் பேசவே கூசினர். ஜோன்சன் தாமும் திக்குபவர் என்பது இதன் கசப்பான முரண். அப்பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001இலேயே. அங்கே ஆய்வுக்காகச் செய்யப்பட்டதை வீடுகளும் பள்ளிகளும் அன்பின் பெயரால் நாள்தோறும் செய்கின்றன.

அப்பிள்ளை வேண்டுவது மூச்சுப் பயிற்சிக்கான அறிவுரையன்று. நாவிற் பூசும் வசம்புமன்று. சொல் வரும்வரை முகத்தைத் திருப்பாது காத்திருத்தல். அவன் வாயிலுள்ள சொல்லைப் பறித்துத் தாமே முடிக்காதிருத்தல். எப்படிச் சொன்னான் என்பதை விடுத்து என்ன சொன்னான் என்பதற்கு மறுமொழி கூறுதல். இவற்றுக்குப் பணமும் வேண்டியதில்லை, சுற்றுநிருபமும் வேண்டியதில்லை. அவனைக் கேளாமலே வாசிப்பிலிருந்து விலக்கிவிடுவதும் சலுகையாகாது. வாசிக்க விருப்பமா, தனியாகவா, இன்னொருவரோடு சேர்ந்தா என்று வகுப்புக்கு வெளியே ஒருமுறை கேட்டால் அவனே சொல்வான்.

கலைப்பீடப் பட்டதாரிகளிற் பலர் நாளை ஆசிரியராய் அவ்வகுப்பறைகளுக்கே செல்லவுள்ளனர். அதற்கு முன், சொல்வன்மையைப் போற்றும் தமிழ்ச் சங்கங்கள் தம் பேச்சுப் போட்டிகளின் புள்ளித் திட்டத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்: கருத்துக்கு எத்தனை, தங்குதடையின்மைக்கு எத்தனை?