உத்தியோக மாப்பிள்ளை என்ற முதலீடு

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று அம்பாறைக் கரையோரத்தில் எந்த ஊரில் கலியாணப் பேச்சு எழுந்தாலும் முதற்கேள்வி மாப்பிள்ளையின் தொழில்தான். அரசாங்க உத்தியோகம் என்றால் பேச்சு மேலே நகரும். சொந்தக் கடை என்றால், "யாவாரத்த நம்பி எப்படிப் புள்ளயக் குடுக்கிற?" என்று இழுப்பார்கள். சம்பளமும் பென்சனும் நிச்சயம், யாவாரம் சூதாட்டம் என்ற இந்த நம்பிக்கை கணக்குப் பார்த்தால் நிற்காது.

2022ஐ எடுத்துக்கொள்வோம். ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயானது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. உத்தியோகத்தரின் சம்பளத் தாளில் ஒரு ரூபாயும் குறையவில்லை. அரிசியும் மாவும் வாங்கப் போனபோதுதான் குறைந்தது தெரிந்தது. ஜூனில் அரசாங்கமே வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது. சம்பளமில்லா லீவில் ஐந்து வருடம்வரை வெளிநாட்டில் உழைக்கவும் அனுமதித்தது.

அரசாங்க வேலையும் கேட்டவுடன் கிடைப்பதில்லை. 2017இல் கிழக்கின் பட்டதாரிகள் நியமனம் கேட்டு மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2020இல் நாடு முழுவதும் பட்டதாரிகளைப் பயிலுனர்களாகச் சேர்த்தபோது கொடுப்பனவு மாதம் 20,000 ரூபாய். இருபத்தைந்து வயதில் பட்டம் பெற்றவர் முப்பதுவரை காத்திருந்தால் அந்த ஐந்து வருட உழைப்பும் அவர் போட்ட முதல்தான். கடை நட்டப்பட்டால் ஊரே பேசும்; இந்த நட்டத்தை யாரும் கொப்பியில் எழுதுவதில்லை.

யாவாரமும் பத்திரமானதல்ல. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு வெளிநாட்டுத் துணி மலிந்தபின் மருதமுனைக் கைத்தறி பட்ட பாடு ஊரறிந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது, கரையோரத்தில் வீட்டோடு கடையும் சரக்கும் போயின. உயிர் தப்பிய உத்தியோகத்தருக்குச் சம்பளமாவது மிஞ்சியது. அரச வேலை மீதான ஆசைக்கு இப்படி நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் பென்சன் அரச உத்தியோகத்தருக்கு மட்டுமே உரியது என்பது தவறு. 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபை, சுயதொழில் செய்வோருக்கும் ஓய்வூதியத் திட்டம் நடத்துகிறது. கலியாணப் பேச்சில் அதை விசாரிப்பவர் யார்?

பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது இங்குள்ள வழக்கம். பெற்றோரின் வாழ்நாள் சேமிப்பு அதிலேயே கரைகிறது. உத்தியோக மாப்பிள்ளை என்றால் கேள்வி இன்னும் ஏறும். முதல் போடப் பயந்தவர்கள் முழு முதலையும் ஒரே ஆளின் சம்பளத்தை நம்பிப் போடுகிறார்கள்.

அதே வீட்டு மகள் தையல் கடை போடக் காசு கேட்டால், "நட்டப்பட்டா என்ன செய்யிற?" என்கிறார்கள். நல்ல கேள்வி. மாப்பிள்ளை வீட்டாரிடமும் அதைக் கேட்கட்டும்: பேங்க் லோன் வெட்டியபின் மாதம் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது, வேறு வருமானம் என்ன?