விற்கவில்லை என்பது கணக்காகாது

“தமிழில் புத்தகம் விற்பதில்லை. அதனால்தான் எழுத்தாளருக்கு ராயல்டி தர முடிவதில்லை.”

பதிப்புலகில் இந்த இரண்டு வாக்கியங்களும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. இலக்கியக் கூட்டங்களில் கேட்கிறோம், நேர்காணல்களில் படிக்கிறோம். முதல் தொகுப்போடு வந்து நிற்கும் இளைஞரிடம் பதிப்பாளர் இதைத்தான் சொல்கிறார். எழுத்தாளர்களே இதை நம்பித் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதுதான் கூடுதல் வருத்தம்.

முதல் வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அதிலிருந்து இரண்டாவது வாக்கியத்துக்குப் போக வழியே இல்லை. ராயல்டி என்பது விற்ற பிரதிக்கான பங்கு. விலை 250 ரூபாய், பங்கு 10 விழுக்காடு, விற்றது 300 பிரதி என்றால் எழுத்தாளருக்குச் சேர வேண்டியது 7,500 ரூபாய். நூறு பிரதிதான் விற்றதென்றால் 2,500 ரூபாய். விற்பனை குறைந்தால் பங்கு குறையும். அது பூஜ்யம் ஆவதற்கு ஒரு பிரதியும் விற்காமல் இருக்க வேண்டும். ஆகவே பலருக்கு ஒரு ரூபாயும் வராததற்கு வேறு காரணம் இருக்கிறது. தொடக்கத்தில் சொன்ன கூற்றுக்குத் துணையாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. “தமிழர்கள் புத்தகம் வாங்குவதில்லை”

காஞ்சிபுரத்திலிருந்து 1942-இல் அண்ணா ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கினார். அந்தக் காலத்துத் திராவிட இயக்கத்தார் கூட்டம் நடக்கும் இடங்களிலெல்லாம் அணாக் கணக்கில் விலை வைத்துச் சிறு நூல்களை விற்றார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் பட்டம் பெற்றவர்கள் அல்ல. 1951-இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் சோவியத் நூல்களை மலிவு விலையில் ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1969-இல் வந்த ‘ராணி முத்து’ மாதம் ஒரு நாவலைப் பெட்டிக்கடைக்குக் கொண்டுவந்தது. பிறகு மாத நாவல்கள் பேருந்து நிலையங்களில் கயிற்றில் தொங்கின. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார் என்றால் அவற்றைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் தமிழர்கள்தான். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாட்டுடைமை ஆனபின் எத்தனையோ பதிப்பகங்கள் போட்டி போட்டு அதை அச்சிட்டன. விற்காத நூலுக்கு யாரும் போட்டி போடுவதில்லை.

இவற்றில் விற்பனை நடந்ததற்குக் காரணம், புத்தகம் ஆளைத் தேடிப் போனதுதான். இன்றைய நிலையைக் காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம், கலைக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி என்று மாணவர்கள் திரளும் ஊர் இது. என் சிறுகதைத் தொகுப்பு வெளியானபோது, ராயல்டிக்குப் பதிலாக என்று சொல்லிப் பதிப்பாளர் ஒரு கட்டுப் புத்தகத்தைப் பார்சலில் அனுப்பிவைத்தார். தெரிந்த பேராசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நானே கொண்டுபோனேன். கட்டு தீர்ந்த பிறகும் கேட்டார்கள். “எங்கே கிடைக்கும், சார்?” என்று கேட்டவர்களுக்குச் சென்னை முகவரியைத் தவிர வேறு இடம் சொல்ல என்னால் முடியவில்லை. வாங்க ஆள் இருந்தார்கள். அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் புத்தகம் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. எஸ். ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சிக்குக் கிடைத்த பலன் அது. அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று அது சொத்து வரியில் பத்து விழுக்காடு. ஏனாத்தூரில் வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும் நூலகத்துக்காகவும் கட்டுகிறார். கடைக்குப் போகாத தமிழரின் காசும், நூலகங்களுக்காக அரசு நூல் வாங்கும் நூலக ஆணை வழியாகப் பதிப்புலகத்துக்குப் போய்ச் சேர்கிறது. அந்தத் தமிழரைப் பார்த்துப் புத்தகம் வாங்காதவர் என்று சொல்வது நியாயமல்ல.

2. “ஆயிரம் எதிர்பார்த்தோம், நூறுதான் போனது”

எதிர்பார்ப்பு பொய்த்துப்போவது புத்தகத் தொழிலுக்குப் புதிதல்ல. பாரதியைவிடப் பெரிய எதிர்பார்ப்பு வைத்தவர் தமிழில் யாரும் இல்லை. 1920-இல் கடையத்தில் இருந்தபோது தன் எழுத்துகளையெல்லாம் 40 நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடத் திட்டம் போட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் விற்கும் என்று நம்பி, நண்பர்களிடம் கடனாக முதல் கேட்டார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். பின்னாளில் அதே எழுத்து வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. அவருடைய கணிப்பில் காலம் மட்டும்தான் தவறியது.

உலகின் பெரிய பதிப்பகங்களுக்கும் கணிப்பு கைகூடுவதில்லை. பெங்குவின் ராண்டம் ஹவுஸ் நிறுவனம் சைமன் அண்ட் ஷுஸ்டரை வாங்க முயன்றதை எதிர்த்த வழக்கு 2022-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்தது. எந்தப் புத்தகம் ஓடும் என்பது தற்செயல்தான் என்று பெங்குவின் ராண்டம் ஹவுஸ் தலைவரே சாட்சியம் சொன்னார். அந்த வழக்கையொட்டி, பாதிப் புத்தகங்கள் பன்னிரண்டு பிரதிகூட விற்பதில்லை என்று ஒரு பேச்சு உலகெங்கும் பரவியது. விற்பனையைப் பதிவுசெய்யும் புக்ஸ்கேன் அமைப்பின் ஆய்வாளர் உடனே மறுத்தார். பத்துப் பெரிய பதிப்பகங்களின் 45,571 புதிய நூல்களை எடுத்துப் பார்த்ததில், ஓராண்டில் பன்னிரண்டுக்கும் குறைவாக விற்றவை சுமார் 15 விழுக்காடு. ஆயிரத்துக்குள் நின்றவை மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. கோடிக்கணக்கான வாசகர் உள்ள ஆங்கிலத்திலேயே பெரும்பாலான நூல்கள் ஆயிரத்தைத் தாண்டவில்லை. ஆகவே நம் முந்நூறு, நானூறு பிரதிகள் தமிழுக்கு மட்டும் நேர்ந்த அவமானமல்ல. இரண்டாவது செய்திதான் முக்கியம். அங்கே தவறான ஒரு பேச்சு எழுந்தபோது எண்ணைக் காட்டி மறுக்க முடிந்தது. இங்கே “விற்பதில்லை” என்று ஒருவர் சொன்னால், சரியென்று சொல்லவோ தவறென்று சொல்லவோ யார் கையிலும் எண் இல்லை.

எதிர்பார்ப்பு தவறினால் நஷ்டம் யாருடையது என்பதிலும் தெளிவு வேண்டும். காஞ்சிபுரத்தில் கடைக்காரர் வாங்கி அடுக்கிய பட்டுச் சேலை தீபாவளிக்கு விற்காமல் போனால், நெய்தவரின் கூலியைத் திருப்பிக் கேட்பதில்லை. புத்தகத் தொழிலிலும் தாள் கடைக்கும் அச்சகத்துக்கும் பைண்டிங் செய்பவருக்கும் பார்சல் சர்வீசுக்கும் பணம் போய்விடுகிறது. விற்ற பிரதிக்கு மட்டும் பங்கு கேட்கும் எழுத்தாளர் ஏற்கெனவே நஷ்டத்தில் தன் பாதியைச் சுமந்துவிட்டார். விற்றதற்கும் தராவிட்டால் முழுச் சுமையும் அவர் தலையில் விழுகிறது.

3. “எங்களுக்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை”

சிறு பதிப்பாளரின் கஷ்டம் உண்மையானது. 250 ரூபாய்ப் புத்தகத்தை விற்பனையாளருக்கு 35 விழுக்காடு கழிவில் கொடுத்தால் கைக்கு வருவது 162 ரூபாய் 50 காசு. அதில்தான் தாள், அச்சு, மெய்ப்பு, அட்டை, அனுப்பும் செலவு எல்லாம் அடங்க வேண்டும். புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, தாளுக்கும் அச்சுக்கும் உண்டு. விற்பனைக்கு வரி இல்லாததால், கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. நூலக ஆணையில் நீண்ட காலம், அரசு ஒரு ஃபாரத்துக்கு இவ்வளவு என்று வைத்த விலைதான் செல்லுபடியாயிற்று. ஆணை தாமதமாகிப் பல பதிப்பகங்கள் கடனில் தத்தளித்ததும் நாம் பார்த்ததுதான்.

ஆனால் அதே புத்தகம் புத்தகக் காட்சியில் பதிப்பாளரின் சொந்த அரங்கில் பத்து விழுக்காடு தள்ளுபடியில் போகும்போது அவர் கைக்கு 225 ரூபாய் வருகிறது. அரங்க வாடகையும் ஆள் செலவும் உண்டு என்றாலும் இடைத்தரகு மிச்சம். அப்படி விற்ற பிரதிகள் எத்தனை, கடை வழியாகப் போனவை எத்தனை, நூலகத்துக்குப் போனவை எத்தனை என்று பிரித்துக் காட்டினால், மிஞ்சவில்லை என்ற பேச்சை எழுத்தாளரே புரிந்துகொள்வார். உண்மையிலேயே நொடித்துப் போயிருந்தால் தவணை கேட்கலாம். பங்கைக் குறைத்துப் பேசலாம். அச்சிட்டு ஐந்தாண்டாகியும் ஒரு வரிக் கணக்கு அனுப்பாமல் “மிஞ்சவில்லை” என்று மட்டும் சொல்வதைத்தான் ஏற்க முடியாது.

4. “உலகம் முழுக்க எழுத்தாளர் ஏழைதான்”

உண்மைதான். பிரிட்டனில் எழுத்தையே முதல் தொழிலாகக் கொண்டவர்களின் இடைநிலை ஆண்டு வருமானம் 2006-இல் 12,330 பவுண்டு, 2018-இல் 10,497, 2022-இல் 7,000. அங்குள்ள எழுத்தாளர் உரிமைச் சங்கம் நடத்திய ஆய்வுகள் சொல்லும் எண்கள் இவை. எழுத்தாளர்களிடம் வரவுக் கணக்கு இருந்ததால்தான் வருமானம் சரிந்ததை அந்தச் சங்கத்தால் காட்ட முடிந்தது. அதை வைத்துப் போராடவும் முடிகிறது. தமிழ் எழுத்தாளரின் இடைநிலை வருமானம் என்ன என்று கேட்டால் கூட்டிப் பார்க்க ஓர் எண் கிடையாது. ஏழ்மையில் நாம் ஒன்றாக இருக்கலாம், கணக்கில் ஒன்றாக இல்லை.

நம் நாட்டு நாளிதழ்களுக்கு 1948-லிருந்து ஏ.பி.சி. என்ற விற்பனைத் தணிக்கை இருக்கிறது. விளம்பரதாரர் கேட்டார், ஆகவே கணக்கு வந்தது. புத்தகத்துக்கு எழுத்தாளர்தான் கேட்க வேண்டும்.

5. “பெயர் கிடைக்கிறதே, பரிசு வருகிறதே”

சாகித்திய அகாதெமி விருதின் தொகை ஒரு லட்ச ரூபாய். ஆண்டுக்குத் தமிழில் ஒருவருக்கு. 2023-இல் பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப் பட்சி’ ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக ஜே.சி.பி. பரிசு பெற்றது, ஆசிரியருக்கு 25 லட்சம், மொழிபெயர்த்த ஜனனி கண்ணனுக்கு 10 லட்சம். நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். பரிசு ஒருவருக்குக் கிடைக்கும். ராயல்டி எழுதிய எல்லோருக்கும் உரியது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கக் கூடாது. சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியில் கையெழுத்தான மொழிபெயர்ப்பு ஒப்பந்தங்கள் 2023-இல் 365. 2025-இல் ஆயிரத்தைக் கடந்துவிட்டன. அவை நல்ல தொடக்கம். அந்த ஒப்பந்தங்களில் எத்தனை நூலாகி, அதில் எழுத்தாளருக்கு எவ்வளவு வந்தது என்பதையும் எண்ணினால்தான் பெருமை முழுமையாகும்.

நாட்டுடைமையையும் ஆறுதலாகச் சொல்கிறார்கள். பாரதி நூல்களின் உரிமையை 1949-இல் ஓமந்தூரார் அரசு பெற்றது. அவர் மனைவி செல்லம்மாவுக்கும் இரு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் கிடைத்தது. கவிஞர் மறைந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. நாட்டுடைமை வாசகருக்கு நல்லது. எழுதிக்கொண்டிருப்பவர் வீட்டு அடுப்புக்கு அது உதவாது.

கேட்க வேண்டியது என்ன?

கேட்க வேண்டியது கணக்கு. அது நமக்குப் புதிதல்ல. எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் விதிகளைச் சொல்கின்றன. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் தகுதியில்லை. பிறருக்குரியதைக் கையாள்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் வழக்கமாக இருந்தது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடு, எவ்வளவு ராயல்டி என்பதைக் குறிப்பிட வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்தாண்டு. இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதியாகும். “வாய்ப்பேச்சுதான், நம்பிக்கைதான்” என்று புத்தகம் கொடுத்த நண்பர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. ஒவ்வொரு பதிப்பிலும் எத்தனை பிரதி அச்சானது என்பதைப் பதிப்பு விவரப் பக்கத்தில் போட வேண்டும். ஒரு காலத்தில் நம் பதிப்பகங்கள் பல 1,200 என்று அங்கே அச்சிட்டன, இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் மாதமும் ஆண்டும் மட்டுமே இருக்கின்றன. தேவைக்கேற்ப ஐம்பது, நூறாக அச்சிடும் இக்காலத்தில் அச்சகத்தின் ரசீதே கணக்காகும். ஆண்டுக்கு ஒருமுறை அச்சிட்டது, விற்றது, கையிருப்பு, நூலக ஆணை என்று நான்கு வரியில் ஒரு தாள் எழுத்தாளருக்குப் போக வேண்டும். நூலகத்துக்கு நூல் வாங்கும்போது ஆசிரியருடன் செய்த ஒப்பந்தத்தையும் முந்தைய ஆண்டு ராயல்டி ரசீதையும் அரசு கேட்டு வாங்க வேண்டும். வரி கட்டும் மக்களின் பணத்தில் வாங்கும் நூல் அது. எழுதியவருக்குப் பங்கு போனதா என்று பார்க்கும் கடமை வாங்குபவருக்கு உண்டு.

நேர்மையாகக் கணக்குக் கொடுக்கும் பதிப்பாளர்கள் தமிழில் இருக்கிறார்கள். சிறிய தொகையானாலும் காசோலையோடு கணக்குத் தாளையும் அனுப்புகிறவர்கள் அவர்கள். விற்பனை குறைவாக இருந்தாலும் ராயல்டி தர முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. மற்றவர்களும் அந்தத் தாளை அனுப்பட்டும். அதில் நாற்பது பிரதி என்றே இருக்கட்டும், நாற்பதுக்குரிய ஆயிரம் ரூபாயை எழுத்தாளர் மரியாதையோடு வாங்கிக்கொள்வார். அடுத்த நூலை எத்தனை அச்சிடலாம், எந்த ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று பதிப்பாளரும் எழுத்தாளரும் அன்றைக்குத்தான் ஒன்றாக உட்கார்ந்து பேச முடியும்.