மறுமதிப்பீடு உடலுக்கு மட்டும்தானா?

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கப்படும் மருத்துவச் சான்றிதழில் மறுமதிப்பீடு குறித்த ஒரு கூறு அச்சிடப்பட்டிருக்கிறது. அதில் இரண்டு தெரிவுகள் உண்டு. மறுமதிப்பீடு தேவையில்லை என்பது முதலாவது. இத்தனை ஆண்டுகள், இத்தனை மாதங்கள் கழித்து மறுமதிப்பீடு பரிந்துரைக்கப்படுகிறது, எனவே இச்சான்றிதழ் இன்ன நாள்வரை மட்டுமே செல்லும் என்பது இரண்டாவது. மருத்துவக் குழு இரண்டில் ஒன்றைத் தேர்ந்து இடைவெளிகளில் எண்களை நிரப்புகிறது. இரண்டாவது தெரிவாகிவிட்டால், ஒருவரின் ஓய்வூதியம், கல்லூரி இட ஒதுக்கீடு, தேர்வில் கூடுதல் நேரம், ரயில் கட்டணச் சலுகை ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஒரு காலாவதி நாள் குறிக்கப்பட்டுவிடுகிறது. ஏன் மறுமதிப்பீடு என்று எழுதுவதற்கு மட்டும் அங்கே இடம் விடப்படவில்லை.

இது அச்சுப் பிழையன்று. யார் யாருக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதைப் படிவம் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டதன் அடையாளம்.

கொல்கத்தாவின் தென்மேற்குப் பகுதியான பெஹாலாவில் வாழும், நெடுங்காலமாக மனநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். சான்றிதழைத் தனித்துவ அடையாள அட்டைக்கான இணையதளம் வழியாகவே வழங்க வேண்டும் என்பது 2021 ஜூன் 1 முதல் விதி. எனவே அவருடைய முதல் படிவம் இணையத்தில் தொடங்குகிறது. வீட்டில் வசதி இல்லையென்றால் தெருமுனைக் கணினிக் கடையில் காசு கொடுத்து நிரப்ப வேண்டும். அடுத்து, மருத்துவக் குழு கூடும் நாளுக்காகக் காத்திருப்பு. அந்த நாளில் அவருடைய கூலியும் போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான், மேற்கு வங்க அரசு 2018இல் மாதம் 1000 ரூபாய் என்று தொடங்கிய ‘மானவிக்’ ஓய்வூதியத்துக்கான இரண்டாம் படிவம். 2020 டிசம்பரில் தொடங்கிய ‘துவாரே சர்க்கார்’ முகாம்களில், அதாவது வாசலுக்கு வரும் அரசிடம், அதைக் கொடுக்கலாம் என்பது மெய்யான முன்னேற்றமே. ஆயினும் வாசலுக்கு வந்த அரசும் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். அதன் நாள் முடிந்துவிட்டால் பயணம் மீண்டும் கணினிக் கடையிலிருந்து தொடங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். இந்தக் காத்திருப்பைத் தனிமனிதச் சிரமம் என்று ஒதுக்கிவிட இயலாது.

சட்டம் என்ன சொல்கிறது? ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2007 அக்டோபரில் இந்தியா ஏற்றது. அதன் வழியில் 2016இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த உரிமைச் சட்டம், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு வகைகளை இருபத்தொன்றாக விரித்தது. அதைவிட முக்கியமான மாற்றம் வரையறையில் நிகழ்ந்தது. உடல், மனம், அறிவு, புலன் சார்ந்த நீண்டகாலக் குறைபாடு, தடைகளோடு ஊடாடும்போது, பிறருக்கு நிகராகச் சமூகத்தில் பங்கேற்க இயலாமல் போகும் ஒருவரே மாற்றுத்திறனாளி என்று புதிய சட்டம் கூறுகிறது. இந்த வரையறைக்கு இரண்டு கால்கள். ஒன்று உடலில் உள்ள குறைபாடு. மற்றொன்று வெளியில் உள்ள தடை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் இயலாமை பிறக்கிறது.

சான்றிதழோ ஒற்றைக் காலில் நிற்கிறது. அதில் உறுப்புக்கு இடம் உண்டு, நோயின் பெயருக்கு இடம் உண்டு, சதவீதத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுத இடம் உண்டு. தடைக்கு இடமில்லை. 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட மதிப்பீட்டு நெறிமுறைகளின்படி, ஒருவருக்கு இரண்டு குறைபாடுகள் இருந்தால் அவை கூட்டப்படுவதில்லை. பெரிய எண்ணை முழுதாக எடுத்துக்கொண்டு, சிறிய எண்ணிலிருந்து ஒரு பங்கை மட்டும் சேர்க்கும் சூத்திரம் உண்டு. 50 சதவீதமும் 30 சதவீதமும் சேர்ந்தால் 80 வராது, ஏறத்தாழ 63 வரும். மனநோய்க்கான இந்திய அளவுகோல் தன்பராமரிப்பு, பிறருடன் உறவு, தொடர்பும் புரிதலும், வேலை என்னும் நான்கு துறைகளுக்கு மதிப்பெண் இட்டு, நோயின் கால அளவையும் சேர்த்து 20க்குக் கணக்கிடுகிறது. 7 வந்தால் 40 சதவீதம் என்னும் வாயில் திறக்கும். 6 வந்தால் திறக்காது. ‘வேலை’ என்ற துறையில் ஒருவர் பெறும் மதிப்பெண், அவருக்கு வேலை தர மறுத்தவர்களைப் பற்றியும் ஏதோ சொல்கிறது. ஆனால் அந்த எண் அவருடைய பெயருக்கு நேராகவே எழுதப்படுகிறது.

வங்காளத்தில் மாற்றுத்திறனாளியைக் குறிக்கப் பரவலாக வழங்கும் சொல் ‘பிரதிபந்தி’. பிரதிபந்தம் என்றால் தடை. பழைய தமிழ் உரைநடைக்கும் அந்நியமான சொல்லன்று. அதனோடு உடைமை காட்டும் விகுதி சேரும்போது, தடையை உடையவர் என்ற பொருள் கிடைக்கிறது. தெருவில் கிடந்த தடையைச் சொல்லின் விகுதி எடுத்து மனிதருக்குள் வைத்துவிடுகிறது. இச்சொல்லுக்கு மாற்றாக ‘சிறப்பாகத் திறன் பெற்றவர்’ என்ற பொருளில் புதிய வங்காளத் தொடர் புழங்குகிறது. இந்தியில் ‘திவ்யாங்’ வந்தது. தமிழில் ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது. சொல்மாற்றங்கள் வீண் அல்ல. எனினும் பெயரை மாற்றிவிட்டுப் படிவத்தின் இலக்கணத்தை அப்படியே விட்டுவிட்டால், மரியாதை அழைப்பில் மட்டும் கூடும். தடை இருந்த இடத்திலேயே இருக்கும்.

மொழியியல் மாணவர்களுக்கு ஜே. எல். ஆஸ்டினின் செயற்கூற்று என்னும் கருத்து பழக்கமானது. சில வாக்கியங்கள் உலகை விவரிப்பதில்லை, உலகில் ஒன்றைச் செய்கின்றன என்றார் அவர். ‘இவருக்கு 40 சதவீதம் குறைபாடு உள்ளது’ என்ற வாக்கியம் வெப்பமானி காட்டும் எண்ணைப் போல ஒரு விவரணையாகத் தோற்றம் தருகிறது. உண்மையில் அது ஒரு தீர்ப்பு. கையொப்பமும் முத்திரையும் விழுந்த கணத்தில் ஒருவரை உரிமையாளராக்குகிறது. 39 என்று எழுதினால் ஆக்க மறுக்கிறது. தீர்ப்புக்குக் காரணம் கூறப்பட வேண்டும், அளவீட்டுக்கு வேண்டியதில்லை. படிவம் தீர்ப்பை அளவீடாகக் காட்டுவதால் காரணம் சொல்லும் கடமையிலிருந்து தப்பித்துக்கொள்கிறது. ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்ற செயப்பாட்டு வினை அந்தத் தப்பித்தலுக்கு வசதியாக அமைந்த முடிவு.

இந்த ஐயப் பார்வைக்கு வங்காளத்தில் நீண்ட வரலாறு இருக்கிறது. கொல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளியில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், 1877இல் ஓய்வூதியம் பெறுவோரின் விரல்ரேகைகளைப் பதிவுசெய்யத் தொடங்கினார். ஓய்வூதியர் இறந்த பின்னும் வேறொருவர் பணம் வாங்கிவிடக் கூடாது என்பதே நோக்கம். விரல்ரேகைக்கான தனிப் பிரிவு 1897இல் கொல்கத்தாவில் நிறுவப்பட்டது. உதவி கேட்டு வருபவரின் உடலே சாட்சி, அவருடைய வாய்மொழி சாட்சியன்று என்ற நிர்வாக மரபு இந்த மண்ணில்தான் பயிற்சி பெற்றது. தொழுநோயால் விரல்களை இழந்தவரிடமும் இன்று ரேகை கேட்கப்படும்போது அந்த மரபின் நிழல் தெரிகிறது.

மறுமதிப்பீடே கூடாது என்பது இங்கே வாதமன்று. குழந்தைகள் வளர்கிறார்கள். கற்றல் குறைபாட்டுக்கு 8, 14, 18 வயதுகளிலும், அறிவுத்திறன் குறைபாட்டுக்கு 5, 10, 18 வயதுகளிலும் மதிப்பிட வேண்டும் என்று 2018 நெறிமுறைகள் கூறியதில் நியாயம் உண்டு. 18 வயதில் தரப்படும் சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும் என்றும் அவை கூறின. சில நோய்கள் தணியும்; சில முற்றும். முற்றும் நோயாளிக்கு மறுமதிப்பீடு கூடுதல் உரிமையையும் தரலாம். போலிச் சான்றிதழ்கள் இருக்கின்றன என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. 2024இல் குடிமைப் பணித் தேர்வு ஒதுக்கீடு குறித்து எழுந்த குற்றச்சாட்டுகளுக்குப் பிறகு அந்த வாதம் வலுத்திருக்கிறது. ஆனால் மோசடிக்குச் சட்டத்திலேயே இரண்டாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் தனியே உண்டு. மோசடி செய்பவரைப் பிடிப்பது விசாரணையின் வேலை. நேர்மையான அனைவரையும் குறித்த காலத்தில் வரிசையில் நிறுத்துவது விசாரணைக்கு ஈடாகாது. செல்வாக்குள்ளவர் அந்த வரிசையை எளிதாகக் கடந்துவிடுவார். அதில் களைத்து விழுபவர் கூலியை இழந்து வந்தவரே.

உடலைப் பற்றிக் கேட்காமல் அன்றாட வாழ்வைப் பற்றிக் கேட்டால் போதும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். பிரிட்டனில் 2013இல் அறிமுகமான புதிய உதவித்தொகையின் படிவம் சமைப்பது, குளிப்பது, நடப்பது பற்றியெல்லாம் விரிவாகக் கேட்கிறது. பதில்களுக்குப் புள்ளிகள் இடுகிறது. கேள்விகள் மாறின, ஐயப் பார்வை மாறவில்லை. அந்நாட்டின் நலத்திட்டக் குறைப்புகள் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் கடுமையாகவோ முறைப்படியாகவோ மீறியிருக்கின்றன என்று ஐக்கிய நாடுகளின் குழு 2016இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டில் வெளிவந்த கென் லோச்சின் ‘ஐ, டேனியல் பிளேக்’ திரைப்படம் இதய நோயால் வேலை இழந்த தச்சர் ஒருவர் படிவங்களுக்கிடையே அலைவதைக் காட்டி, கான் விழாவின் உயரிய விருதைப் பெற்றது. பிரிட்டனின் அனுபவம் தரும் பாடம் இதுதான்: எதைக் கேட்கிறோம் என்பதைப் போலவே, யார் நிரூபிக்க வேண்டும் என்பதும் முக்கியம்.

இங்கேதான் வரையறையின் இரண்டாம் காலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மனிதர்களுக்கு மட்டும் நாள் குறிக்கவில்லை, கட்டடங்களுக்கும் குறித்தது. விதிகள் வெளியானதிலிருந்து ஐந்தாண்டுக்குள் பொதுக் கட்டடங்கள் அனைத்தும் அணுகத்தக்கவையாக மாற வேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. கெடு 2022 ஜூனோடு முடிந்தது. 1984இல் ஓடத் தொடங்கிய நாட்டின் முதல் மெட்ரோவைக் கொண்ட நகரம் கொல்கத்தா. அன்றைய சுரங்க நிலையங்கள் படிக்கட்டையே இயல்பான வழியாகக் கருதிக் கட்டப்பட்டவை. பேருந்துகளின் ஏறுபடிகள், சாய்தளமில்லாத அலுவலக வாயில்கள், சைகை மொழி அறியாத விசாரணைச் சாளரங்கள் என்று பட்டியல் நீளும். கெடு முடிந்ததால் இவற்றுள் எதன் சான்றிதழும் காலாவதியாகவில்லை. மனிதரின் சான்றிதழ்தான் காலாவதியாகிறது. அணுகல் குறித்த விதி வெறும் பரிந்துரைகளையே சுமந்திருப்பதைச் சுட்டி, கட்டாயத் தரங்களை மூன்று மாதங்களில் வகுக்குமாறு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டிவந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பு அதே நீதிமன்றம் வழங்கிய மற்றொரு தீர்ப்பும் கருதத்தக்கது. பேச்சு, மொழி சார்ந்த குறைபாடு 44 முதல் 45 சதவீதம் உடைய மாணவர் ஒருவர் மருத்துவப் படிப்புக்குத் தகுதியற்றவர் எனப்பட்டிருந்தார். சதவீதம் ஒன்றைக் கொண்டே ஒருவரை விலக்கக் கூடாது, அவரால் படிக்க இயலுமா என்பதைக் குழு ஆராய வேண்டும், இயலாது என்றால் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். மருத்துவக் கல்லூரிக்குப் பொருந்தும் இந்த நியாயம் ஆயிரம் ரூபாய் ஓய்வூதியத்துக்கும் பொருந்த வேண்டும்.

எனவே கோரிக்கைகள் மூன்று. மறுமதிப்பீடு பரிந்துரைக்கப்படும் ஒவ்வொரு சான்றிதழிலும் அதன் காரணம் எழுதப்பட வேண்டும். மாறுதலுக்கு வாய்ப்பில்லாத நிலைக்கு நிரந்தரச் சான்றிதழ் என்பதை விதிகள் ஏற்கெனவே கூறுகின்றன. காரணம் எழுத நேர்ந்தால் அந்த விதிக்கு உயிர் வரும். இரண்டாவதாக, உரிய காலத்தில் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தவரின் பழைய சான்றிதழ், புதிய முடிவு வரும்வரை செல்ல வேண்டும். சான்றிதழ் வழங்குவதற்கான ஒரு மாதக் கெடுவை 2024 அக்டோபரில் மூன்று மாதமாக நீட்டித்துக்கொண்ட அரசு, அந்த மூன்று மாதப் பட்டினியை விண்ணப்பதாரரின் கணக்கில் எழுதுவது அறமன்று. மூன்றாவதாக, படிவத்தில் தடைக்கு ஓர் இடம் வேண்டும். இவர் எங்கே தடுக்கப்படுகிறார், அதை நீக்கும் பொறுப்பு எந்த அலுவலகத்துடையது என்ற கேள்வி அங்கே இருக்க வேண்டும்.

கல்விப்புலத்துக்கும் இதில் பங்குண்டு. உயர்கல்வியில் 5 சதவீத இடங்கள் சட்டப்படி ஒதுக்கப்பட்டவை. ஐந்தாண்டு ஆய்வின் நடுவே ஒரு மாணவரின் சான்றிதழ் காலாவதியானால், அவரைத் தனியே அலையவிடாமல் துணைநிற்பது பல்கலைக்கழகத்தின் கடமை. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெறலாம், 90 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், ஒரு மாநிலத்தில் பெற்ற சான்றிதழ் நாடு முழுதும் செல்லும் என்பனவற்றை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். வங்காளத்திலும் சந்தாலியிலும் நேபாளியிலும் உருதுவிலும் எளிய படிவங்களை உருவாக்கும் வேலை மொழியியல் துறைகளுக்காகவே காத்திருக்கிறது.

உடல் மாறியிருக்கிறதா என்று அரசு மீண்டும் மீண்டும் கேட்கட்டும். அப்படிக் கேட்கும் ஒவ்வொரு முறையும், சென்ற மதிப்பீட்டுக்குப் பிறகு அந்த மனிதரின் தெருவில் என்ன மாறியிருக்கிறது என்பதற்கும் அதே படிவத்தில் அரசு விடை எழுத வேண்டும்.