அயலார் விரும்பிக் கற்கிறார், நம் பிள்ளைகள்?



பினாங்கிற்கு வரும் சுற்றுப்பயணிகள் கொடிமலைக்கும் கடற்கரைக்கும் செல்வது பழைய செய்தி. 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பின்னர் வருவோரில் பலர் மற்றொன்றையும் தேடுகின்றனர். அதுதான் சமையல் வகுப்பு. தெலுக் பகாங்கில் 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டிராபிக்கல் ஸ்பைஸ் கார்டன் என்னும் நறுமணப்பயிர்த் தோட்டம், சமையற்கூடமும் அமைத்து இத்தகைய வகுப்புகளை நடத்திய இடங்களுள் ஒன்று. ஜார்ஜ் டவுன் நகருக்குள்ளும் இவ்வகை வகுப்புகள் உண்டு.

இவ்வகுப்புகளின் முறை நம் கவனத்திற்குரியது. முதலில் கற்போரைச் சந்தைக்கோ தோட்டத்திற்கோ அழைத்துச் செல்கின்றனர். இலையைக் கிள்ளி முகரச் செய்கின்றனர். அதன் பெயரைச் சொல்லுகின்றனர். பிறகு கல்லுரலில் மிளகாயையும் மஞ்சளையும் அவர்களே இடிக்க வேண்டும். அவர்களே வதக்க வேண்டும். இறுதியில் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து தாம் சமைத்ததை உண்கின்றனர். அரை நாளில் முடிந்துவிடும் வகுப்புதான். ஆயினும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர் ‘தும்போக்’ என்றால் இடிப்பது, ‘தூமிஸ்’ என்றால் வதக்குவது என்று மலாய்ச் சொற்களைக் கையோடு கற்றுச் செல்கிறார். ஏட்டில் எழுதாமலே அச்சொற்கள் அவர் நினைவில் தங்குகின்றன.

இது பினாங்கில் மட்டும் நிகழ்வதன்று. மத்தியதரைக் கடலில் ஏறத்தாழ 5 இலட்சம் மக்களே வாழும் மால்டா என்னும் தீவு நாட்டுக்குச் செல்வோரும் அந்நாட்டுச் சமையலைக் கைப்படக் கற்க விரும்புகின்றனர். ‘ஃப்தீரா’ என்னும் தங்கள் தட்டை ரொட்டியைச் செய்யும் கலையை 2020ஆம் ஆண்டில் மால்டா மக்கள் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெறச் செய்தனர். 2024ஆம் ஆண்டில் நம் மலேசியாவின் காலையுணவுப் பண்பாடும் அதே பட்டியலில் சேர்ந்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் மூன்றும் அதில் குறிப்பிடப்பட்டுள்ளன. ஒரு ரொட்டியும் ஒரு குவளைத் தேநீரும் மரபுச் செல்வம் என்று உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. நம் வீட்டுக் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கும் அம்மியை நாம் என்னவென்று ஒப்புக்கொண்டிருக்கிறோம்?

நான் வருந்துவது அம்மிக்காக அன்று. அரைவைப் பொறி வந்த பிறகு அம்மியில்தான் அரைக்க வேண்டும் என்று தாய்மாரை வற்புறுத்துவது அறமாகாது. என் கவலை மொழியைப் பற்றியது.

நான்காம் ஆண்டு மாணவர்களிடம் ஒருமுறை, “கடுகைக் காய்ந்த எண்ணெயில் போட்டு என்ன செய்வார்கள்?” என்று வினவினேன். “கோரேங் செய்வார்கள்” என்று பெரும்பாலோர் விடையளித்தனர். ‘தாளிப்பார்கள்’ என்ற சொல் இருவர் வாயிலிருந்தே வந்தது. அப்பளம், கச்சான், வெங்காயம் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் இருந்தது ‘கோரேங்’ ஒன்றுதான். நம் மொழியிலோ அப்பளத்தைப் பொரிக்கிறோம், கச்சானை வறுக்கிறோம், வெங்காயத்தை வதக்குகிறோம், கடுகைத் தாளிக்கிறோம். இவை ஒன்றுக்கொன்று மாற்றாகச் சொல்லத்தக்க சொற்கள் அல்ல. எண்ணெய் உண்டா இல்லையா, மிகுதியா குறைவா, எவ்வளவு நேரம் என்பனவெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியுள்ளன.

மலாய்மொழியைக் குறைத்துச் சொல்வதாக எவரும் கருத வேண்டா. இடிப்பதற்குத் ‘தும்போக்’, அம்மியில் அரைப்பதற்குக் ‘கீலிங்’ என்று அம்மொழிக்கும் நுட்பமான சொல்வளம் உண்டு. நாம் சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம் என்பதுபோல அவர்களும் ஜிந்தான் பூத்தே, ஜிந்தான் மானிஸ், ஜிந்தான் ஹீத்தாம் என்று ஒரே பெயரடியில் மூன்றையும் வகைப்படுத்துகின்றனர். சமையலறையில் நிற்கும் பிள்ளைக்கு இவ்விரு மொழிகளும் ஒன்றையொன்று விளக்கும். அங்கு நில்லாத பிள்ளைக்கு இரண்டுமே வறண்டுபோகும்.

குறுந்தொகையின் 167ஆம் பாடலைத் தமிழாசிரியர் பலரும் அறிவர். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக இல்லறம் புகுந்த தலைவி கட்டித் தயிரைத் தன் விரல்களால் பிசைகிறாள். தாளிப்புப் புகை கண்ணில் படிய, தானே புளிக்குழம்பு சமைத்துக் கணவனுக்குப் படைக்கிறாள். அத்தாளிப்புக்குப் புலவர் ஆண்ட சொல் ‘குய்’. இன்று அச்சொல்லை உரையாசிரியர் துணையின்றி நாம் உணர இயலாது. குய் மறைந்தபோது அவ்விடத்தில் ‘தாளிதம்’ என்ற இன்னொரு தமிழ்ச்சொல் நின்றது. நாளை நம் பிள்ளைகளின் வாயில் தாளிதமும் மறைந்தால் அவ்விடத்தில் எச்சொல் நிற்கும்?

நான் பணியாற்றும் பத்து காவான் வட்டாரம் 19ஆம் நூற்றாண்டில் கரும்பு விளைந்த நிலம். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களுள் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் பலர். இன்றோ 2014ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பினாங்குப் பாலம் இங்குதான் கரையேறுகிறது. 2019ஆம் ஆண்டில் ஐக்கியா பேரங்காடியும் வந்தது. தொழிற்சாலைகள் பெருகின, பெற்றோர் மாறுநேர வேலைக்குச் செல்கின்றனர். வளர்ச்சியை நான் குறை கூறவில்லை. ஆனால், தோட்டத்து லயத்தில் பாட்டியின் அருகில் குந்தியிருந்து பிள்ளைகள் தாமாகவே கற்ற சொற்களை, அடுக்குமாடி வீட்டில் பொட்டலச் சோறு உண்ணும் பிள்ளைகள் தாமாகக் கற்க முடியாது. வீடு செய்துவந்த வேலையின் ஒரு பகுதியைப் பள்ளி ஏற்கத்தான் வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான்: தமிழ்ப்பள்ளியில் கைப்படச் செய்யும் சமையல் வகுப்பு வேண்டும், அதனைப் பொழுதுபோக்காக அல்லாமல் தமிழ்மொழிப் பாடமாகவே நடத்த வேண்டும்.

இதனால் மொழிப்பாடத்திற்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். சிலவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, இலக்கணம். பிசைந்தேன், உண்டேன், தின்றேன், கிளறினேன் என்னும் நான்கு சொற்களில் த், ட், ற், இன் என்ற இறந்தகால இடைநிலைகள் நான்கும் வந்துவிடுகின்றன. தோசை சுட்டேன் என்றால் ஒற்று இரட்டித்துக் காலம் காட்டுவதும் விளங்கிவிடுகிறது. செய்த செயலைச் சொல்லும்போது மாணவர் காலத்தைத் தவறவிடுவதில்லை.

இரண்டாவது, இரட்டைக்கிளவி. உலை தளதளவென்று கொதிக்கும். நெய் கமகமவென்று மணக்கும். அரைபடாத விழுது கொரகொரவென்று இருக்கும். வெல்லப்பாகு பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். மனப்பாடம் செய்த பட்டியலைக் காட்டிலும் விரலில் ஒட்டியது நிலைத்து நிற்கும்.

மூன்றாவது, பழமொழி. “சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்” என்று ஒப்பிக்கும் மாணவரிடம் அகப்பை எதுவென்று கேட்டுப் பாருங்கள். “ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பதன் பொருளைப் பானையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்த பிள்ளைக்கு விளக்கவே வேண்டா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதனையும் நாம் ஏட்டிலேயே கற்பித்துக்கொண்டிருப்பது விந்தை!

எங்கள் பள்ளியில் ஒருமுறை மாணவர் ஒருவரின் பாட்டியை அழைத்திருந்தோம். பால்மரம் சீவி ஓய்ந்த கைகள். “எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே டீச்சர், நான் என்னத்தச் சொல்லிக் கொடுக்கிறது?” என்று தயங்கியபடியே வந்தார். புட்டு மாவில் உப்புநீர் தெளிக்கத் தொடங்கியதும் தயக்கம் போய்விட்டது. மாவைப் பிசைந்த மாணவியைத் தடுத்து, “பிசையாத கண்ணு, பிசிறு” என்றார். பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், உதிர்த்தால் பொடியாக உதிர வேண்டும் என்று கையில் எடுத்துக் காட்டினார். பிசைதல் வேறு, பிசிறுதல் வேறு! அன்று வெண்பலகையில் மாணவர்கள் எழுதிய பன்னிரண்டு வினைச்சொற்களில் ஐந்து எங்கள் பாடநூலில் இல்லாதவை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர் அன்று எங்கள் அனைவருக்கும் சொல்லாசிரியராக இருந்தார். இத்தகையோர் நம் வட்டாரத்தில் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருப்பர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சில மறுப்புகள் எழும். அவற்றையும் பார்ப்போம்.

“சமைக்கவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்?” எனச் சில பெற்றோர் கேட்பர். சமையற்காரரை உருவாக்குவது நோக்கமன்று. சொல் அறிந்தவரை உருவாக்குவதே நோக்கம். அப்படியே சமைக்கக் கற்றாலும் இழப்பில்லை.

“தீயும் கத்தியும் ஆபத்தல்லவா?” ஆம், அதனால்தான் படிநிலை வேண்டும். முதலிரண்டு ஆண்டுகளில் தீயும் வேண்டா, கத்தியும் வேண்டா. கீரை ஆய்தல், பூண்டு உரித்தல், பயறு புடைத்தல், கண்ணை மூடிக்கொண்டு சீரகத்தையும் சோம்பையும் மணத்தால் பிரித்தறிதல் போதும். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் இடித்தல், அரைத்தல், பிசைதல், இடியாப்பம் பிழிதல். அவிப்பதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் பெரியோர் மேற்பார்வையில் அடுப்பருகே நிற்கலாம். செய்முறையைக் கட்டுரையாகவும் எழுதலாம். எவருக்கு எவ்வுணவு ஒவ்வாது என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டறிவது கட்டாயம்.

“ஆண்பிள்ளைக்கு எதற்கு?” என்போர் பினாங்கின் நாசி கண்டார் கடைகளை எட்டிப் பார்க்கட்டும். தமிழ் முசுலிம் ஆடவர்கள் கிண்டிய குழம்பு இந்த மாநிலத்தின் அடையாளமாகியிருக்கிறது. பெண்பிள்ளைகளை மட்டும் அடுப்பருகே நிறுத்தும் வகுப்பை நடத்துவதைவிட நடத்தாமலே இருக்கலாம்.

“நேரம் எங்கே?” இக்கேள்வி நியாயமானது. ஆனால், யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டுவிட்டது. வகுப்பறைசார் மதிப்பீட்டில் மாணவர் கேட்பதையும் பேசுவதையும் செய்வதையும் கண்டு மதிப்பிட நமக்கு இடமுண்டு. திங்களுக்கு ஒரு பாடவேளை, அல்லது தமிழ்மொழிக் கழகத்தின் புறப்பாட நேரம் போதுமானது. செலவும் பெரிதன்று. பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம் வைத்தால் ஓர் அம்மியும் இரண்டு முறமும் ஓர் இடியாப்ப உழக்கும் ஒரே வாரத்தில் கிடைத்துவிடும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வார இறுதியில் ஒருவேளைச் சமையலையாவது பிள்ளையோடு சேர்ந்து செய்யுங்கள். அப்போது “அதை எடு, இதைப் போடு” என்று சொல்லாமல், “கறிவேப்பிலையை உருவு, தேங்காயைத் துருவு, பருப்பை மசி” என்று பெயரையும் வினையையும் சேர்த்துச் சொல்லுங்கள். தனி வகுப்புக்குக் கட்டணம் கட்டாமலே உங்கள் பிள்ளையின் சொல்வளம் பெருகுவதைக் காண்பீர்கள்.

ஆசிரிய நண்பர்களே, நம் பள்ளிப் பொங்கல் விழாவில் ஆசிரியர்கள் பொங்கலைக் கிண்ட, மாணவர்கள் வரிசையாக நின்று கைதட்டுகின்றனர். வரும் பொங்கலில் அந்த வழக்கத்தை மாற்றுவோம். அரிசி களைவது முதல் வெல்லம் தட்டுவது வரை மாணவர்கள் செய்யட்டும். நாம் அருகில் நின்று சொற்களை எடுத்துக் கொடுப்போம். பொங்கல் சற்றே அடிப்பிடித்தாலும் கவலையில்லை. ‘அடிப்பிடித்தல்’ என்ற சொல்லையும் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும்!