சேமிப்பக நிலைமாற்றமும் தேவையற்ற மறுநிறுவலும்

பரந்தனுக்கும் கொடிகாமத்துக்கும் இடையே ஏ9 வீதியில் அமைந்துள்ள பளை போன்ற சிறு நகரங்களில் கணினி திருத்தும் தொழில் செய்வோரிடம், ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்ற நீலத்திரைச் செய்தியுடன் ஒரு கணினி வந்து சேரும்போது, விண்டோஸ் பழுதாகிவிட்டது, போமட் பண்ணித்தான் கொடுக்க வேண்டும் என்ற முடிவு எளிதில் எடுக்கப்பட்டுவிடுகிறது. உண்மையில் இச்செய்தி சொல்வது, இயங்குதளம் தான் குடியிருக்கும் தட்டை எட்ட முடியவில்லை என்பதை மட்டுமே. அது அழிந்துவிட்டது என்பதை அன்று. தாய்ப்பலகையின் பயோஸ் அமைப்பில் சேமிப்பகக் கட்டுப்படுத்தியின் நிலை மாறியிருந்தாலும் இதே செய்தி தோன்றும் என்பதையும், அந்நிலையை மறுநிறுவல் இன்றியே மாற்றவும் மீட்கவும் முடியும் என்பதையும் இத்தொழிலில் உள்ளோர் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

சேமிப்பகக் கட்டுப்படுத்தி என்பது வன்தட்டுக்கும் கணினியின் ஏனைய பகுதிக்கும் இடையே கட்டளைகளைக் கடத்தும் மின்சுற்று ஆகும். சாட்டா வகைத் தட்டுகளைப் பொறுத்தவரை அது மூன்று நிலைகளில் இயங்கக்கூடியது. ஐடிஇ என்பது பழைய தட்டுகளின் நடைமுறையைப் பின்பற்றி ஒரு நேரத்தில் ஒரு கட்டளையை மட்டும் அனுப்பும் நிலை. 2004ஆம் ஆண்டளவில் இன்டெல் முன்னின்று வகுத்த ஏஎச்சிஐ, 32 கட்டளைகள் வரை வரிசையில் வைத்துத் தட்டே தனக்கு வசதியான ஒழுங்கில் நிறைவேற்ற இடங்கொடுக்கும் நிலை. ரெயிட் என்பது பல தட்டுகளை இணைத்து ஒன்றாகக் காட்டும் நிலை. மூன்றாவது நிலை ஒற்றைத் தட்டுக் கணினிக்குத் தேவையற்றது என்று தோன்றினாலும், டெல் நிறுவனத்தின் அலுவலகக் கணினிகள் பல ரெயிட் நிலையிலேயே விற்பனைக்கு வந்தவை என்பதையும், அவ்வகைக் கணினிகளே பின்னர் பாவித்த பொருட்களாகச் சந்தையில் மலிவாகக் கிடைப்பவை என்பதையும் மறத்தலாகாது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதற்கொண்டு விஎம்டி என்ற பெயரில் இதையொத்த ஓர் ஏற்பாடு என்விஎம்இ தட்டுகளுக்கும் வந்துள்ளதால், விண்டோஸ் நிறுவியிலும் லினக்ஸ் நிறுவியிலும் தட்டே தென்படாத குழப்பம் புதிய மடிக்கணினிகளிலும் நேர்கிறது.

நிலை மாறியவுடன் விண்டோஸ் தடுமாறுவதற்கான காரணம் எளிது. தொடங்கும் நேரத்தைக் குறைப்பதற்காக அது, நிறுவப்பட்டபோது கண்ட கட்டுப்படுத்திக்கு வேண்டிய இயக்கி மென்பொருளை மட்டும் முதற்கட்டத்தில் ஏற்றி, ஏனையவற்றைத் தொடங்க வேண்டாம் என்று பதிவேட்டில் குறித்து வைக்கிறது. புதிய நிலைக்கு வேண்டிய இயக்கி தட்டிலேயே இருந்தும், தட்டைப் படிக்க அந்த இயக்கி வேண்டும் என்பதால் வழி அடைபடுகிறது. பாதுகாப்பு நிலை எனப்படும் குறைந்தபட்சத் தொடக்கத்தின்போது, விண்டோஸ் 8க்குப் பிந்தைய பதிப்புகள் இத்தடைக்குறிப்பைப் பொருட்படுத்தாமல் தம்மிடமுள்ள சேமிப்பக இயக்கிகளை ஏற்றிப் பார்த்து, பொருந்தியதைப் பின்னர் நிரந்தரமாக்கிக்கொள்கின்றன. மறுநிறுவலற்ற நிலைமாற்றம் முழுவதும் இவ்வொரு பண்பின் மேல் நிற்கிறது.

ஆகவே நடைமுறை சுருக்கமானது. பழைய நிலையிலேயே விண்டோஸைத் திறந்து, எம்எஸ்கான்ஃபிக் கருவியின் தொடக்கப் பகுதியில் பாதுகாப்பு நிலையைத் தெரிவுசெய்து, மறுதொடக்கத்தின்போது நேரே பயோஸுக்குள் சென்று நிலையை மாற்றிச் சேமித்து, விண்டோஸ் பாதுகாப்பு நிலையில் திறந்த பின் அத்தெரிவை நீக்கி மீண்டும் ஒருமுறை தொடங்கினால் வேலை முடிந்துவிடும். விண்டோஸ் 7க்கு இவ்வழி பொருந்தாது. அங்கு உரிய இயக்கியின் பதிவேட்டு மதிப்பை முன்கூட்டியே சுழியமாக மாற்ற வேண்டும். முன்னேற்பாட்டில்தான் கவனம் அதிகம் வேண்டும். புதிய மடிக்கணினிகளில் உரிமையாளர் அறியாமலேயே தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பது வழக்கமாகிவிட்டதால், அம்மறையாக்கத்தைச் செய்யும் பிட்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்தாமல் பயோஸில் கைவைத்தால், 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டுக் கணினி நின்றுவிடும். அக்குறியீடு எந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்ளது என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்திருப்பது அரிது. பாதுகாப்பு நிலையில் பின் எண் ஏற்கப்படாது போகலாம் என்பதால் முழுக் கடவுச்சொல்லையும் முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

எனினும் இங்குள்ள திருத்துநர்களுக்கு இதைவிட முக்கியமானது, எவரும் தொடாமலேயே நிலை மாறிவிடும் நிகழ்வு ஆகும். பயோஸின் தெரிவுகளைக் காப்பது தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ட் நாணய மின்கலம்; சுவர் மின்சாரம் இருக்கும்வரை அதன் மேல் சுமை மிகக் குறைவு, மின்சாரம் அற்ற வேளையில் அதுவே கடிகாரத்தை ஓட்ட வேண்டும். மாரி காலத்தில் இடி மின்னலுக்கு அஞ்சிப் பிளக்கைக் கழற்றி வைப்பதும், பாடசாலை விடுமுறையில் ஆய்வுகூடம் முழுவதையும் அணைத்துவிடுவதும் வன்னியில் இயல்பானவை. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் தீவு முழுவதும் இருண்டது என்று அமைச்சர் விளக்கம் கூறினார். இவ்வாறு பல ஆண்டுகள் உழைத்த மின்கலம் தீர்ந்ததும், பயோஸ் தொழிற்சாலைத் தெரிவுக்குத் திரும்புகிறது. முந்தைய உரிமையாளர் ஏஎச்சிஐக்கு மாற்றிய டெல் கணினி ரெயிட்டுக்குச் சென்றுவிடும். பழைய தாய்ப்பலகைகள் சில ஐடிஇக்குச் சென்றுவிடும். பயோஸில் திகதி பல ஆண்டுகள் பின்னோக்கிக் கிடந்தால், அதுவே போதிய சான்று. மின்கலத்தை மாற்றி நிலையைத் திருப்பினால் தீர்ந்துவிடும் பழுதுக்குத் தட்டையே துடைத்துவிடுவது தொழிலறிவின்மை என்று சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

இழப்பு சிறியதன்று. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆண்டுக்கணக்கான கடிதங்கள், அதற்கென அமைத்த விசைப்பலகை, வழங்கியவர் தொடர்பே அற்றுப்போன கடைக் கணக்கு மென்பொருள், அதன் அனுமதிக்குறி ஆகியவை தட்டைத் துடைத்தபின் திரும்புவதில்லை. தரவைப் பிரதிசெய்து வைத்தாலும் அனுமதிக்குறி பிரதியாவதில்லை. 5 ஜிகாபைட்டைத் தாண்டும் நிறுவல் கோப்பையும் அதன் பின்வரும் இற்றைப்படுத்தல்களையும் கைப்பேசி இணையத்தில் இறக்கும் செலவு வேறு.

எனினும், மறுநிறுவலின்றி நிலையை மாற்றும் இம்முறையை எங்கும் கண்மூடிப் பயன்படுத்தலாகாது. உண்மையிலேயே இரண்டு தட்டுகள் ரெயிட் அணியாக இணைக்கப்பட்டிருந்தாலோ, ஒப்டேன் இடைமாற்று நினைவகம் இயங்கிக்கொண்டிருந்தாலோ, அவற்றை முறைப்படி பிரிக்காமல் நிலையை மாற்றுவது தரவைக் குலைக்கும். தட்டே தேய்ந்து சாகும் நிலையில் இருந்தால், முதலில் செய்ய வேண்டியது பிரதியெடுத்தல். ஐடிஇ நிலையில் எஸ்எஸ்டியின் ட்ரிம் கட்டளை செல்லாது என்ற பரவலான நம்பிக்கை விண்டோஸின் சொந்த இயக்கியைப் பொறுத்தவரை தவறு. அங்கு இழக்கப்படுவது கட்டளை வரிசையாக்கமே. ஆகவே, தட்டச்சுக்கு மட்டும் பயன்படும் பழைய கணினி ஐடிஇயில் குறைவின்றி இயங்குமானால், அதை அப்படியே விட்டுவிடுவதும் ஏற்கத்தக்க தீர்மானமே.

நிறுவலுக்குக் கட்டணம் உண்டு, ஆராய்ந்து பார்த்ததற்குக் கட்டணம் இல்லை என்ற கடை வழக்கமே மறுநிறுவலைத் தூண்டுகிறது. ஆராய்வுக்குத் தனிக்கட்டணம் விதிப்பதை இவ்விதழ் ஆதரிக்கிறது. அத்துடன், கணினியைப் பொறுப்பேற்கும் சிட்டையில், அது வந்தபோது இருந்த சேமிப்பக நிலை, திருப்பிக் கொடுக்கும்போது இருந்த நிலை, நாணய மின்கலம் மாற்றிய திகதி ஆகிய மூன்றையும் குறிப்பதை வடமாகாணத் திருத்துநர்கள் இப்போதே வழக்கமாக்கிக்கொள்ளலாம்.