துருவும் தகடும்

வாப்பா விட்டுச்சென்ற அம்பாஸடர் காரை விற்க மனமின்றி வைத்திருப்போர் நம்மில் உண்டு. 2014-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டமையால், இருக்கின்ற தகட்டைக் காப்பதே வழி.

அக்காருக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே கதவுக்குக் கீழே நெடுகச் செல்லும் பெட்டிப் பகுதி துருப்பிடிப்பது வெறும் அழகுக்குறை அன்று. எங்கள் காரில் ஒருவர் அத்துருவின் மேலேயே பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்கித் தந்தார். நாங்களும் மகிழ்ந்தோம்! இரண்டாம் மழைக்காலத்தில் பட்டி பெயர்ந்தது. உள்ளே கை நுழையுமளவு ஓட்டை.

பின்னர் முதியவரான டிங்கர் ஒருவரிடம் சென்றோம். கதவையும் சேர்த்து முழுவதையும் மாற்றிவிடலாமா என்றேன்.

"கெட்டதை மட்டும் வெட்டுவோம், ஹஜ்ரத். மிச்சம் நல்ல இரும்பு" என்றார்.

பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை வெட்டினார். அதே கனமுள்ள தகட்டை வைத்து, சூட்டில் நெளியாதிருக்க விட்டுவிட்டுப் பற்றவைத்தார். சிறு துருப்புள்ளிகளைத் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் தடவி, பின் பிரைமர் அடித்தார். கதவின் அடியில் நீர் வடியும் துளைகள் மண்ணால் அடைபட்டிருந்தன, மூலகாரணம் அதுவே. நீங்களும் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள்.

டிக்கியின் உட்புறத்தை மட்டும் அவர் தொடவில்லை. ஆலையில் அடித்த நிறம் இன்னதென்பதற்கு அதுவே சான்றாம். வாப்பாவின் சைக்கிள் உரசிய கீறலும் அங்கேயே இருக்கிறது.