பெயரை இழந்து பெற்ற இருக்கை

2003இல் சார்சு நோய் தைவானில் உயிர்களைக் குடித்தபோது உலக நலவாழ்வு அமைப்பில் அந்நாட்டுக்கு இடமில்லை. சீனத்தின் இருக்கையை 1971இல் ஒன்றிய நாடுகள் அவை பெய்சிங்குக்கு அளிக்க, மறு ஆண்டே இவ்வமைப்பும் அவ்வழி சென்றிருந்தது.

2009 முதல் 2016 வரை நலவாழ்வுப் பேரவையில் தைவான் பார்வையாளராக அமர்ந்தது. 'சீனத் தைபே' என்னும் பெயரில்! தலைநகரின் பெயரை நாட்டுக்குச் சூட்டி, முன்னே சீனத்தையும் ஒட்டினர். இதனை நடைமுறை அறிவு என்பாரும் உளர். உலக வணிக அமைப்பில் 2002இல் தனிச் சுங்க ஆட்புலமாக நுழைந்து தைவான் ஊதியம் கண்டது மெய்யே. ஆனால் அது முழு உறுப்பாண்மை. இதுவோ ஆண்டுதோறும் தலைமை இயக்குநர் விடுக்கும் அழைப்பு. பெயரைக் கொடுத்தவர் உரிமையைக் கேட்டுப் பெற்றிலர். 2016இல் தைவானில் ஆட்சி மாறியது, பெய்சிங் சினந்தது, 2017இல் அழைப்பு வரவில்லை.